குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடுன்னு சந்தேகம் வந்தா எதை முதல்ல பண்ணணும், எங்க போகணும்: தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பேச்சு வரல, நடை வரல, கூப்பிட்டா திரும்பல, வயசுக்கேத்த விளையாட்டு இல்ல, இப்படி ஏதோ ஒண்ணு உறுத்திட்டே இருக்குற வீட்டுக்காகத்தான் இதை எழுதுறேன். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் இந்த மூணுக்கும் வழி கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

எங்க ஊர் பெற்றோர் குழுவுல புதுசா வர்றவங்களுக்கு பேப்பர் வேலைல கூட நின்னு உதவுறேன். அதுல பாத்தது என்னன்னா, உதவி இல்லாம யாரும் தடுமாறல, வரிசை மாறிப் போறதுலதான் தடுமாறுறாங்க. மாற்றுத்திறனாளி அடையாள கார்டு இல்லாம உதவித்தொகைக்கு மனு கொடுப்பாங்க, ரிப்போர்ட் இல்லாம கார்டுக்குப் போவாங்க, என்ன பிரச்சனைன்னே தெரியாம தெரபிக்கு கடன் வாங்கிக் கட்டுவாங்க. அதனால கீழ இருக்குற வரிசையிலயே போங்க.

1. வீட்டை விட்டு கிளம்புறதுக்கு முன்னாடி

குழந்தையோட ஆதாரை எடுத்துப் பாருங்க. 5 வயசுக்கு முன்னாடி எடுத்த நீலக்கலர் ஆதார்ல கைரேகை இருக்காது, 5 வயசு முடிஞ்சதும் ஒரு தடவை, 15 முடிஞ்சதும் இன்னொரு தடவை அப்டேட் பண்ணணும். இதை விட்டுட்டா பின்னாடி பேங்க்லயோ உதவித்தொகைலயோ வந்து மாட்டும்.

பேர் ஒரே மாதிரி இருக்கணும். பிறப்புச் சான்றிதழ்ல "கவின்", ஆதார்ல "கவின் எஸ்", ரேஷன் கார்டுல "கவின்குமார்"னு இருந்தா கம்ப்யூட்டர் அதை மூணு ஆளாத்தான் பாக்கும். ஆதார்ல இருக்குற பேர்தான் எல்லா இடத்துக்கும் போகும், அதனால முதல்ல பிறப்புச் சான்றிதழுக்கு ஏத்த மாதிரி ஆதாரை சரி பண்ணுங்க, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.

ஒரு பைல் வாங்குங்க, பிளாஸ்டிக் உறை வெச்சது. பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, ஸ்கேன், பழைய மருந்துச் சீட்டு எல்லாம் தேதி வாரியா அதுல போகட்டும். பிறந்ததும் குழந்தை அழுதுச்சா, ஐசியூல வெச்சிருந்தாங்களா, பிட்ஸ் வந்துச்சான்னு ஒவ்வொரு டாக்டரும் முதல்ல கேக்குறது அதைத்தான். ஒரிஜினலை எங்கயும் கொடுக்காதீங்க, ஜெராக்ஸ் மட்டும்.

போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க. வீட்ல கையை ஆட்டிக்கிட்டு வட்டமா சுத்துற குழந்தை, டாக்டர் ரூம்ல அம்மா மடியில கம்முனு உக்காந்திருக்கும். சாப்பிடுறது, விளையாடுறது, அடம் பிடிக்கிறது எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தா போதும்.

2. முதல்ல காது, அப்புறம்தான் மத்தது

பேச்சு வரலன்னா உடனே ஆட்டிசமான்னு கூகுள்ல தேட ஆரம்பிச்சிடுறாங்க. காது சரியா கேக்காத குழந்தையும் கூப்பிட்டா திரும்பாது, பேசாது. அதனால ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டி காது டெஸ்ட் எடுத்துடுங்க, சின்னக் குழந்தைன்னா தூங்க வெச்சு பெரா டெஸ்ட் (சத்தம் மூளைக்குப் போகுதான்னு பாக்குறது) எடுப்பாங்க.

இதை முதல்ல பண்ணச் சொல்றதுக்கு காரணம் நேரம். காது கேக்குறதுல குறைபாடு கடுமையா இருந்தா, காதுக்குள்ள கருவி வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே பண்றாங்க, ஆனா குழந்தைக்கு 6 வயசுக்குள்ள இருக்கணும். "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசுனான், தானா வரும்"னு பாட்டி சொல்றதைக் கேட்டு உக்காந்திருந்தா போறது இந்த வயசுதான். பாட்டி சொல்றது உண்மையாவே இருக்கலாம், டெஸ்ட் எடுத்துட்டு அதையும் நம்பிக்கலாம்.

3. டிஇஐசி, மாவட்டத்துக்குள்ளயே இருக்குற இடம்

மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம்னு போர்டு போட்டிருக்கும், ஆஸ்பத்திரில எல்லாரும் டிஇஐசின்னுதான் சொல்வாங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிலயோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிலயோ இருக்கும். 2013ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கேங்குற மத்திய அரசோட குழந்தைகள் உடல்நலத் திட்டத்துக்குக் கீழ வருது, பிறந்ததுலேருந்து 18 வயசு வரைக்கும் பாக்குறாங்க, பணம் இல்ல.

குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, சைக்காலஜி எல்லாம் ஒரே இடத்துல வர்ற மாதிரி இதை வெச்சிருக்காங்க. எல்லா மாவட்டத்துலயும் எல்லா ஆளும் எல்லா நாளும் இருப்பாங்கன்னு நினைச்சுப் போகாதீங்க. எந்தக் கிழமை யார் இருப்பாங்கன்னு முன்னாடியே கேட்டுட்டு போங்க, வேலையை விட்டுட்டு பஸ் ஏறி வந்து "இன்னிக்கு ஸ்பீச் மேடம் லீவு"ன்னு திரும்பறவங்க நிறைய பேர். அங்கன்வாடிக்கும் ஸ்கூலுக்கும் வர்ற மருத்துவக் குழுகிட்ட காட்டுனா அவங்களே இங்க எழுதி அனுப்புவாங்க.

பெரிய மதிப்பீடு வேணும்னா சென்னைல எழும்பூர் குழந்தைகள் நல ஆஸ்பத்திரி, ஈசிஆர்ல முட்டுக்காட்டுல இருக்குற நிப்மெட் (இது மத்திய அரசு நிறுவனம்), வேலூர் சிஎம்சி இருக்கு. தென்காசி பக்கம்னா ஆய்க்குடி அமர் சேவா சங்கம், சென்னைலயே கோட்டூர்புரத்துல வித்யா சாகர், தி.நகர்ல மதுரம் நாராயணன் மையம்.

4. ரிப்போர்ட்டை எழுத்துல வாங்குங்க

"ஆட்டிசம் மாதிரி இருக்கு, தெரபி குடுங்க"ன்னு வாயால சொன்னது எந்த ஆபீஸ்லயும் செல்லாது. என்ன குறைபாடு, என்ன டெஸ்ட் வெச்சாங்க, என்ன ஸ்கோர், அடுத்து என்ன பண்ணணும், இது நாலும் லெட்டர்ஹெட்ல கையெழுத்து சீலோட வேணும்.

டெஸ்ட் பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஆட்டிசத்துக்கு ஐஎஸ்ஏஏன்னு ஒரு இந்திய அளவுகோல், அறிவுசார் குறைபாட்டுக்கு ஐக்யூ கூடவே விஎஸ்எம்எஸ்ங்குற டெஸ்ட், அதாவது அன்றாட வேலையைக் குழந்தை தானா எவ்வளவு பண்ணுதுன்னு பாக்குறது. இந்த விஎஸ்எம்எஸ்தான் பின்னாடி கார்டுல வர்ற குறைபாட்டுச் சதவீதத்தை முடிவு பண்ணும், அதைப் பத்தி 7ல விவரமா வருது.

5 வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு ஐக்யூ சொல்ல மாட்டாங்க, வளர்ச்சித் தாமதம்னுதான் எழுதுவாங்க. டாக்டர் மழுப்புறார்னு நினைச்சு ஆஸ்பத்திரி மாத்தி மாத்தி அலையாதீங்க, முறையே அதுதான். இந்த அலைச்சல்ல தெரபி தொடங்க வேண்டிய மாசங்கள்தான் போகுது.

5. தெரபி: எதுக்குப் பணம் கட்டலாம், எதுக்குக் கூடாது

ரிப்போர்ட்ல எது அவசியம்னு இருக்கோ அதுல ஆரம்பிங்க. ஸ்பீச், ஓடி (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), பிசியோ, ஸ்பெஷல் எஜுகேஷன்னு எல்லாத்தையும் பேக்கேஜா போட்டு ஆறு மாசப் பணத்தை முன்கூட்டியே கேக்குற இடம்னா யோசிங்க. மாசா மாசம் கட்டுங்க, குழந்தைக்கு ஒத்துவரலன்னா வெளிய வரணும்ல.

பேச்சுப் பயிற்சியாளர், ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இவங்க எல்லாம் இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, அதாவது ஆர்சிஐல பதிஞ்சிருக்கணும். சிஆர்ஆர் நம்பர் (ஆர்சிஐ பதிவு எண்) என்னன்னு தாராளமா கேளுங்க, அதுல தப்பே இல்ல. பிசியோவும் ஓடியும் ஆர்சிஐக்குள்ள வராது, அவங்ககிட்ட படிச்ச டிகிரியைக் கேளுங்க.

"குணப்படுத்திடுவோம்"னு சொல்றவங்ககிட்ட போகவே போகாதீங்க. ஸ்டெம் செல், ஸ்பெஷல் பவுடர், என்ன பேர் வெச்சிருந்தாலும் சரி, நகையை அடகு வெச்சு ஏமாந்த குடும்பங்களைப் பாத்துட்டுதான் சொல்றேன்.

தெரபிஸ்ட் பக்கத்துல நீங்க உக்காரணும். வாரத்துல ரெண்டு மணி நேரம் அங்க, மிச்சம் எல்லாம் வீட்லதான், சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் என்ன பண்ணணும்னு சொல்லித் தராம கதவைச் சாத்திக்கிட்டு உள்ள வெச்சு பண்றாங்கன்னா அந்த சென்டர் வேண்டாம். பக்கத்துல தெரபியே இல்லாத ஊருன்னா, பெற்றோருக்கு சொல்லிக் குடுத்து அனுப்புற மையத்துக்கு மாசம் ஒரு தடவை போயிட்டு வர்றதே போதும்.

6. யூடிஐடி கார்டுக்கு அப்ளை பண்றது

யூடிஐடிங்குறது மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை, இது இல்லாம அடுத்து வர்ற எதுவும் நகராது. மத்திய அரசோட சுவாவ்லம்பன் சைட்ல போடணும், சொந்தமா வரலன்னா இ-சேவை மையத்துல போட்டுத் தருவாங்க. குழந்தை போட்டோ, ஆதார், முகவரிச் சான்று, ஒரு செல் நம்பர் போதும். அந்த செல் நம்பர் உங்களோடதா இருக்கட்டும், சென்டர்காரர் நம்பரைக் குடுத்துட்டு பின்னாடி ஓடிபிக்கு அவர் பின்னாடியே அலையுறாங்க.

2016ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, அதுல எதைத் தேர்ந்தெடுக்குறீங்களோ அந்த டாக்டர்கிட்டதான் அனுப்புவாங்க. ஆட்டிசக் குழந்தைக்கு "பேச்சுக் குறைபாடு"ன்னு டிக் பண்ணிட்டா ஈஎன்டிகிட்ட போய் நின்னுட்டு திரும்பி வரணும். ரிப்போர்ட்ல இருக்குற அதே வார்த்தையைப் பாத்து டிக் பண்ணுங்க.

நிறைய மாவட்டத்துல வாரத்துல ஒரு நாள் சான்றிதழ் முகாம் மாதிரி நடக்கும், எல்லா டாக்டரும் ஒரே இடத்துல இருப்பாங்க. எந்த நாள்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. மாநில உதவி எண் 1800 425 0111லயும் கேக்கலாம்.

7. மதிப்பீடு நாள், எல்லாரும் சறுக்குறது இங்கதான்

காலைல சீக்கிரம் போங்க, ஆனா குழந்தை சாப்பிட்டிருக்கணும். பிஸ்கட், தண்ணி, மாத்துத் துணி, பிடிச்ச ஒரு பொம்மை எடுத்துக்கோங்க. கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும், ஒருத்தர் வரிசைல நின்னா இன்னொருத்தர் குழந்தையை வெளிய நடக்க வைக்கணும்.

உள்ள போனதும் கேள்வி வரும். "தனியா சாப்பிடுவானா?" அம்மா டக்குனு "சாப்பிடுவான் சார்"னு சொல்லிடுறாங்க. வீட்ல நடக்குறது என்னன்னா அம்மா சோத்தைப் பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, தட்டைப் பிடிச்சுக்கணும், அவன் நாலு வாய் எடுத்து வெச்சு பாதியைக் கீழ தள்ளுவான், மிச்சத்தை ஊட்டி விடணும். ஆனா எதிர்ல இருக்குறவர் "தானே சாப்பிடுகிறான்"னு எழுதிட்டார். "பாத்ரூம் போவானா?" "போவான் சார்." கழுவி விடுறது அம்மா. "ரோட்டைக் கடப்பானா?" "கைய பிடிச்சா கடப்பான்." இதுல "கைய பிடிச்சா" மட்டும் பேப்பர்ல காணோம்.

அம்மா பொய் சொல்லல. நாலு பேர் முன்னாடி பெத்த புள்ளைய விட்டுக் குடுக்க மனசு வரல, அவ்வளவுதான். ஆனா அந்த ஒவ்வொரு "பண்ணுவான்"னும் விஎஸ்எம்எஸ் ஸ்கோரை ஏத்தும், ஸ்கோர் ஏறுனா சதவீதம் இறங்கும். அறிவுசார் குறைபாட்டுக்குக் கணக்கு இப்படி: ஸ்கோர் 36லேருந்து 54 வரைக்கும் 75 சதவீதம், 55லேருந்து 69 வரைக்கும் 50, 70லேருந்து 84 வரைக்கும் வெறும் 25. பெரும்பாலான சலுகைக்கு குறைஞ்சது 40 வேணும். 69க்கும் 70க்கும் நடுவுல ஒரே ஒரு நம்பர்தான், அதுல மொத்தமும் போயிடும்.

கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைச்சுச் சொல்லவும் வேண்டாம். "பண்ணுவான்"னு நிறுத்தாம யார் உதவியோட, எவ்வளவு நேரத்துல, எத்தனை தடவை சொன்னப்புறம்னு சேர்த்துச் சொல்லுங்க. முந்தின நாள் ராத்திரி காலைலேருந்து தூங்குற வரைக்கும் எங்க எங்க உங்க கை போகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, அதைப் பாத்தே பதில் சொல்லுங்க. 1ல சொன்ன அந்த போன் வீடியோவையும் காட்டுங்க.

கார்டு கலர்லயே சதவீதம் தெரியும். 40க்குக் கீழ வெள்ளை, 40லேருந்து 80க்குள்ள மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும் நீலம். சதவீதம் தப்புன்னு நினைச்சா மேல்முறையீடு பண்ண சட்டத்துலயே வழி இருக்கு, நல அலுவலகத்துல எழுத்துல கொடுங்க. முகாம்லயே டாக்டர்கிட்ட சண்டை போட்டு ஒண்ணும் ஆகாது.

சின்னக் குழந்தைகளுக்கு தற்காலிகச் சான்றுதான் தருவாங்க. முடியிற தேதியை சமையக்கட்டுல இருக்குற காலண்டர்லயே எழுதி வைங்க, தேதி முடிஞ்சா உதவித்தொகை நின்னுடும், நின்னதைத் திரும்ப ஓட வைக்கிறது புதுசா வாங்குறதை விடக் கஷ்டம்.

8. உதவித்தொகையும் பஸ்ஸும்

தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தர்ற பராமரிப்பு உதவித்தொகையை 2023ல மாசம் 2000 ரூபாயா வெச்சிருந்தாங்க, இப்ப எவ்வளவுன்னு அலுவலகத்துல கேட்டுக்கோங்க. அறிவுசார் குறைபாடுன்னா 40 சதவீதத்துக்கு மேல, கடுமையா பாதிக்கப்பட்டவங்கன்னா 75க்கு மேல. ஆட்டிசம்னு மட்டும் சான்று இருந்தா எந்தத் தலைப்புல போடணும்னு அலுவலகத்துல கேட்டுட்டு மனு எழுதுங்க.

வருவாய்த்துறை தர்ற மாற்றுத்திறனாளி பென்ஷன் வேற, தாசில்தார் ஆபீஸ் வழியா வர்றது. ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ரெண்டுலயும் மனு போட்டு வைக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஆதார் ஒண்ணா இருக்குறதால மாட்டிக்கிட்டு ரெண்டும் நிக்கும்.

குழந்தை பேர்ல பேங்க் அக்கவுண்ட் வேணும், அம்மாவோ அப்பாவோ காப்பாளரா. மனு கொடுத்தா பதிவு நம்பர் வாங்காம வராதீங்க. ரொம்ப நாள் அசையலன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல அந்தப் பழைய நம்பரை எழுதி மனு கொடுங்க, புதுசா முதல்லேருந்து எழுதுனா புதுசாவே வரிசைல வெச்சிடுவாங்க. எழுந்து நடக்க முடியாத, எல்லாத்துக்கும் ஆள் வேணுங்குற குழந்தைன்னா உதவியாளருக்கான தொகை பத்தியும் அங்கயே கேளுங்க.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல கார்டு வெச்சிருக்குறவருக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல. ரயில் சலுகைக்கு யூடிஐடி மட்டும் போதாது, ரயில்வே தனியா ஒரு அட்டை தருது, அதுக்குத் தனியா அப்ளை பண்ணணும்.

9. நிராமயா காப்பீடு

மத்திய அரசோட தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்துறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கு மட்டும்தான். வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும், வயசு வரம்பு இல்ல, சேர்றதுக்கு மெடிக்கல் டெஸ்ட்டும் இல்ல. தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு கிடைக்கும், எனக்குத் தெரிஞ்சு ஊர்ல பாதிப் பேருக்கு இது தெரியாது.

நீங்க முதல்ல கட்டிட்டு பில்லை அனுப்பி வாங்கணும். அதனால ஒவ்வொரு தெரபி பில்லுலயும் குழந்தை பேர், தேதி, சீல், கையெழுத்து இருக்கணும், டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டும் கூடவே போகணும். துண்டுச் சீட்டுல "2000 வரவு"ன்னு எழுதித் தர்றதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அறக்கட்டளைல பதிவு பண்ண தொண்டு நிறுவனம் எதுலயாவது போனா சேர்த்து விடுவாங்க. மார்ச் 31 தாண்டுறதுக்கு முன்னாடி புதுப்பிச்சிடுங்க.

10. ஸ்கூல்

"எங்ககிட்ட வசதி இல்ல, ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க"ன்னு சொல்லித் திருப்பி அனுப்புறது சாதாரணமா நடக்குது. 40 சதவீதத்துக்கு மேல இருக்குற குழந்தைக்கு 6லேருந்து 18 வயசு வரைக்கும் பக்கத்து ஸ்கூல்லயோ விருப்பப்பட்ட ஸ்பெஷல் ஸ்கூல்லயோ இலவசமா படிக்க உரிமை இருக்கு. எது நல்லதுன்னு குழந்தையைப் பாத்து முடிவு பண்ணுங்க, சொந்தக்காரங்க கௌரவத்தைப் பாத்து இல்ல.

அரசுப் பள்ளில சேர்த்தா வட்டார வள மையத்துக்குப் போய் பேர் பதிஞ்சிடுங்க. அங்க சிறப்பாசிரியர் இருப்பாங்க, பிசியோ நாள் இருக்கும், வர முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித் தர்ற ஏற்பாடும் இருக்கு. ஹெட்மாஸ்டர் சொல்வார்னு காத்திருந்தா வருஷம் ஓடிடும். தனியார் பள்ளின்னா ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்தோட 25 சதவீத இடத்துல மாற்றுத்திறனாளிக் குழந்தை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுல வரும்.

பத்தாவது பரீட்சைக்கு ஸ்க்ரைப் (சொல்லச் சொல்ல எழுதித் தர்றவர்), கூடுதல் நேரம் எல்லாம் வேணும்னா ஒன்பதாவதுலயே ஸ்கூல்ல பேச ஆரம்பிங்க.

11. பாத்துக்குறவங்களை யார் பாத்துக்குறது

இதைப் பின்னாடி போட்டிருக்கேன், ஆனா முதல் நாள்லேருந்தே ஓட வேண்டிய வேலை. பெரும்பாலும் ஒரே ஆள் தலைல, அதுவும் அம்மா தலைல, எல்லாம் விழும். அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா வீடே நின்னுடும்.

அதனால ஒரு பக்கத்துக்குக் குழந்தையைப் பத்தி எழுதி பிரிட்ஜ்ல ஒட்டுங்க: எந்த மருந்து எத்தனை மணிக்கு, பிட்ஸ் வந்தா எப்படிப் படுக்க வைக்கணும், எதுக்கு பயப்படுவான், எதைக் குடுத்தா அமைதி ஆவான், எந்த டாக்டர் நம்பர். அப்புறம் வீட்ல இன்னொரு ஆளை, அத்தையோ சித்தப்பாவோ, வாரத்துல ரெண்டு மணி நேரம் தனியா பாத்துக்க விடுங்க. சொதப்புவாங்க, பரவால்ல. நீங்க பக்கத்துலயே நின்னு திருத்திட்டே இருந்தா அவங்க கத்துக்கவே மாட்டாங்க.

தெரபி சென்டர் வெயிட்டிங்ல உக்காந்திருக்குற மத்த அம்மாக்கள்தான் உங்களுக்கு முதல் பெற்றோர் குழு. நம்பர் வாங்கிக்கோங்க, எந்த ஆபீஸ்ல யார் நல்லாப் பேசுவாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

தூக்கம் போச்சு, எதுக்கெடுத்தாலும் அழுகை வருது, குழந்தையை அடிச்சிடுவோமோன்னு பயமா இருக்குன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலிமானஸ், தமிழ்ல பேசலாம், ராத்திரிலயும் எடுப்பாங்க. சாகணும் போல இருக்குன்னு ஒரு நிமிஷம் தோணுனாலும் காத்திருக்காதீங்க, வீட்ல யாரையாவது கூட வெச்சுக்கிட்டு கூப்பிடுங்க. குழந்தையை வேற யாரோ துன்புறுத்துறாங்கன்னு சந்தேகம்னா 1098.

கூடப் பொறந்த குழந்தையை மறந்துடாதீங்க. "அண்ணனுக்கு முடியல, நீதான் விட்டுக் குடுக்கணும்"னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்னு கவனிங்க.

12. 18 வயசு வர்றதுக்கு முன்னாடி

18 முடிஞ்ச அடுத்த நாள் நீங்க சட்டப்படி காப்பாளர் இல்ல, பெத்தவங்களா இருந்தாலும் சரி. பேங்க்ல கையெழுத்து போட முடியாம நிக்கும்போதுதான் பல பேருக்கு இது தெரிய வருது. 9ல சொன்ன அந்த நாலு குறைபாட்டுக்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்ல, தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர் அளவிலான குழு இருக்கு, கலெக்டர்தான் தலைவர், அங்க மனு போடணும்.

17 முடிஞ்சதும் பேப்பர் சேர்க்க ஆரம்பிங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் சேர்ந்தே காப்பாளரா இருக்கலாம், கூடப் பொறந்தவங்களும் ஆகலாம். காப்பாளரா ஆனா 6 மாசத்துக்குள்ள அந்தப் பிள்ளையோட சொத்து விவரத்தைக் குழுகிட்ட குடுக்கணும், அப்புறம் வருஷா வருஷம் கணக்கு, இதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

அரசு வேலைல இருக்குறவங்க இன்னொண்ணு பண்ணணும். சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க வர வழி இருக்கு, ஆனா பிள்ளையோட பேரும் குறைபாடும் உங்க சர்வீஸ் புக்லயும் பென்ஷன் பேப்பர்லயும் ஏறியிருக்கணும். நீங்க இருக்கும்போது ஒரு மனுவுல முடியிற வேலை, நீங்க போனதுக்கப்புறம்னா தங்கச்சியோ தம்பியோ சான்றிதழைத் தூக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கணும். ரிட்டயர்மென்ட் வரைக்கும் தள்ளாம இந்த வருஷமே எழுதிக் கொடுத்துட்டு, ஏறிடுச்சான்னு புக்கை வாங்கிக் கண்ணால பாத்துடுங்க.